சிம்பொனிக்கு எந்த ஆசனம்? கோண்டாவில் தந்தை ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: கோண்டாவிலில் இருக்கிறோம். பன்னிரண்டு வயது மகள் வயலின் படிக்கிறாள். வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளை எழுதி வருகிறாள். இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறிய செய்தி வந்த நாள் முதல், ஒரு முழு ஓர்கெஸ்ட்ராவை நேரில் கேட்க வேண்டும் என்று கரைச்சல் கொடுக்கிறாள். கொழும்பில் டிக்கெட் வாங்குவது எப்படி? ஓகஸ்டில் லண்டனில் இருக்கும் அண்ணா வீட்டுக்கும் போகிறோம். அங்கே எவ்வளவு முந்திப் பதிய வேண்டும்? காசைப் பாராமல் முன்வரிசை எடுத்துவிடலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முன்வரிசை வேண்டாம். காசு இருந்தாலும் வேண்டாம், யாராவது சும்மா தந்தாலும் வேண்டாம்.

நம் ஊரில் முன்வரிசை என்பது மரியாதை. மண்டபத்து விழா என்றால் அது பிரதம விருந்தினருக்கு உரியது. கோயில் வீதியில் மேளக் கச்சேரி என்றால், தவில்காரரின் விரலைப் பார்க்கும் ஆவலில் பிள்ளைகள் முண்டியடித்து முன்னே போய் மணலில் இருப்பார்கள். அங்கே அது சரி. நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கென்றே பிறந்தவை. எங்கிருந்தாலும் வந்து சேரும். சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா அப்படியல்ல. எழுபது, எண்பது பேர், சில வேளைகளில் நூறு பேர், ஒலிவாங்கி இல்லாமல் ஒரு கூரையின் கீழ் வாசிக்கிறார்கள். அத்தனை பேரின் ஒலியும் சுவரிலும் கூரையிலும் பட்டு, ஒன்றோடொன்று கலந்து வந்தால்தான் இசையமைப்பாளர் எழுதியது நம் காதுக்குக் கிடைக்கும். முன்வரிசைக்காரருக்கு அந்தக் கலப்பு நடப்பதற்கு முன்பே ஒலி வந்துவிடுகிறது. மேடை தலைக்கு மேலே நிற்கிறது. கண்ணுக்குத் தெரிவது வயலின்காரர்களின் சப்பாத்து. காதில் விழுவது அவர்களில் இரண்டு மூன்று பேருடைய வில். பின்னால் இருக்கும் புல்லாங்குழலும் கொம்பும் எங்கேயோ பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் இருக்கும்.

ஆசன வரைபடத்தைத் திறந்ததும் கீழ்த்தளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குப் பின்னே, நடுப்பகுதியைப் பாருங்கள். அது விலை கூடியதாக இருந்தால், மேல்மாடியின் முதல் இரண்டு வரிசைகள். என் காதுக்கு அதுவே மேலானது. முழு ஓர்கெஸ்ட்ராவும் விரித்த பாய்போல் தெரியும், எந்த ஒலி எந்த மூலையிலிருந்து எழுகிறது என்று பிள்ளைக்கு விரல் நீட்டிக் காட்டலாம். தவிர்க்க வேண்டியது, கீழ்த்தளத்தில் மேல்மாடிக்கு அடியில் ஒதுங்கிய கடைசி வரிசைகள். தலைக்கு மேலே தாழ்ந்த கூரை இருப்பதால் ஒலி அமுங்கிப்போகும். பல மண்டபங்களில் அவற்றுக்கும் மேல்மாடிக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். விலையைப் பார்த்து மட்டும் வாங்குகிறவர் ஏமாறுகிற இடம் அது.

வயலின் படிக்கிற பிள்ளை என்பதால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஓர்கெஸ்ட்ராவைப் பார்த்து நின்று கையசைத்து வழிநடத்துபவர் இசை நடத்துநர். அவருடைய இடக்கைப் பக்கம், அதாவது நமக்கும் இடப்பக்கம், முதல் வயலின்கள் இருக்கும். தனி வயலின் வாசிப்பவர் வந்தால் அவரும் நடத்துநருக்கு அந்தப் பக்கமே நிற்பார். ஆகையால் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளி இருந்தால் அவருடைய வில் பிடித்த கை நன்றாகத் தெரியும். பியானோவுக்கும் இதே கணக்கு. வலப்பக்கம் இருந்தால் முகம் தெரியும், விரல் தெரியாது.

சில பெரிய மண்டபங்களில் மேடைக்குப் பின்னால் பாடகர் குழுவுக்கென்று வரிசைகள் உண்டு. பாடகர் தேவைப்படாத நாட்களில் அவற்றை மலிவாக விற்பார்கள். அங்கிருந்து நடத்துநரின் முகத்தை நேரே பார்க்கலாம். கண் எங்கே போகிறது, இடது கை யாரை அடக்குகிறது, யாரை எழுப்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பாடம். எனக்கு மிகவும் பிடித்த மலிவு ஆசனம் அதுதான். ஆனால் தனி வயலின் இருக்கும் இரவிலும், பாட்டு இருக்கும் இரவிலும் அங்கே போகக் கூடாது. வயலினின் ஒலியும் பாடகரின் குரலும் சபையை நோக்கிப் போகின்றன. பின்னால் வருவது மிச்சம். அதோடு ஹோர்ன் என்கிற வளைந்த கொம்பின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். அதன் பங்கு முழுவதும் உங்கள் மடியில் வந்து விழும்.

இப்போது, ஆசனத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம். எதைக் கேட்கப் போகிறீர்கள்? ஓர்கெஸ்ட்ரா என்ற பெயரைப் பார்த்தவுடன் வாங்கிவிடாதீர்கள். நிகழ்ச்சி நிரலை வாசியுங்கள். வழக்கமான ஒரு மாலை இப்படி இருக்கும்: தொடக்கத்தில் பத்து நிமிட அளவில் ஒரு முகப்புத் துண்டு, அடுத்து ஒரு தனி வாத்தியக்காரர் ஓர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் கொன்செர்ட்டோ, இடைவேளை, பிறகு சிம்பொனி, அதாவது முழு ஓர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய, பல பகுதிகள் கொண்ட பெரிய படைப்பு. மொத்தம் இரண்டு மணித்தியாலம் அளவில் முடியும். சிம்பொனிகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. பேத்தோவனின் ஐந்தாவது அரை மணிக்குச் சற்றுக் கூட. துவோர்ஷாக் எழுதி 1893 இல் நியூயோர்க்கில் அரங்கேறிய ஒன்பதாவது, நாற்பது நிமிடம். மாலரின் மூன்றாவதோ ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டும். அது மகத்தான படைப்பு, ஆனால் முதன்முதலில் வருகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அல்ல.

உங்கள் மகளுக்கு நான் தேடித் தரக்கூடியது ஒன்று என்றால், மெண்டெல்சோனின் ஈ மைனர் வயலின் கொன்செர்ட்டோ இருக்கிற ஒரு மாலை. 1845 இல் லைப்சிக்கில் முதலில் வாசிக்கப்பட்டது. அரை மணிக்கும் குறைவு. பேத்தோவனின் வயலின் கொன்செர்ட்டோவில் தனி வயலின்காரர் வாயிலில் காத்து நிற்கும் விருந்தாளிபோல் மூன்று நிமிடத்துக்கு மேல் சும்மா நிற்க வேண்டும். மெண்டெல்சோனில் ஓர்கெஸ்ட்ரா ஒன்றரை மூச்சு விடுவதற்குள் வயலின் பாட ஆரம்பித்துவிடும். மூன்று பகுதிகளும் இடையில் நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகின்றன. முதல் பகுதி முழக்கத்தோடு முடியும்போது பசூன் என்ற குழல் ஒரே ஒரு சுரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சுரத்திலிருந்து அடுத்த பகுதி பிறக்கும். சுருதியோடு வளர்ந்த பிள்ளைக்கு அந்த இடம் சொல்லித்தராமலே விளங்கும். வயலின், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்குள் வந்த வாத்தியம். அதையே நின்றுகொண்டு, நாடிக்குக் கீழே வைத்து வாசித்தால் என்னவெல்லாம் செய்கிறது என்று அவள் பார்க்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஓர்கெஸ்ட்ரா என்ற சொல் நம்மிடையே திரைப்பாடல் இசைக்கோஷ்டிக்கும் வழங்குகிறது. வெளிநாடுகளிலும் அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். நூற்றுக்கணக்கான மெழுகுதிரிகளின் நடுவே நடக்கும் நிகழ்ச்சிகளின் படங்கள் அழகாக இருக்கும். வாங்கிப் போனால் வாசிப்பவர்கள் நான்கே பேர். வியன்னாத் தெருவில் வெள்ளை முடி மாட்டிய இளைஞர்கள் மோட்சார்ட் இரவு என்று சொல்லி விற்பது சுற்றுலாப் பயணிகளுக்கான நிகழ்ச்சி. தவறான பண்டம் என்று சொல்லமாட்டேன். நீங்கள் கேட்டது அது அல்ல, அவ்வளவுதான்.

கொழும்புக்கு வருகிறேன். இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா 1958 இல் தொடங்கியது. தெற்காசியாவில் இத்தனை காலம் நின்று நிலைத்தவை மிகச் சில. இசையைத் தொழிலாகக் கொண்டவர்களும், பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் ஒத்திகைக்கு வருகிறவர்களும் கலந்த குழு அது. ஆகவே வாராவாரம் கச்சேரி கிடையாது. ஆண்டில் சில தடவைகள்தான். பெரும்பாலும் கொழும்பு 7 இல், மகளிர் கல்லூரி மண்டபம் அல்லது லயனல் வென்ட் அரங்கு. நாள் குறிக்கப்பட்டதும் ஓர்கெஸ்ட்ராவின் சமூக ஊடகப் பக்கத்திலும் ஆங்கில ஞாயிறு பத்திரிகைகளிலும் அறிவிப்பு வரும். அதில் ‘பொக்ஸ் பிளான்’ திறந்துவிட்டது என்று போட்டிருந்தால், ஆசன வரைபடம் விற்பனைக்கு வந்துவிட்டது என்று பொருள். எங்கே விற்கிறார்கள், இணையத்தில் உண்டா என்பதும் அதே அறிவிப்பில் இருக்கும். பல்கனி என்று மலிவாக ஒரு வகை இருந்து, அதற்கு ஆசன இலக்கம் இல்லையென்றால், முந்தி வந்தவருக்கே நல்ல இடம். அதை எடுத்துக்கொண்டு அரை மணி முந்திப் போய் முதல் வரிசையைப் பிடியுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

லயனல் வென்ட் பெரிய மண்டபம் அல்ல. 1953 இல் திறந்த, அளவான அரங்கு. மேடை ஓர்கெஸ்ட்ராவுக்குக் கொஞ்சம் நெருக்கம், ஒலியும் சற்று உலர்ந்திருக்கும். ஆனால் அங்கே மோசமான ஆசனம் என்று அதிகம் கிடையாது. முன் நான்கு வரிசைகளை விட்டுவிட்டு எதை எடுத்தாலும் சரி.

யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவருக்குக் கச்சேரி டிக்கெட்டைவிடப் பயண டிக்கெட்தான் சிக்கல். ரயில் ஆசனப் பதிவு பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு திறக்கிறது. வார இறுதி என்றால் கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். ஆகவே கச்சேரித் திகதி தெரிந்தவுடன் முதலில் ரயிலைப் பாருங்கள், பிறகு அரங்கு. இரவுப் பஸ்ஸில் அன்றே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஏழு மணிக்குத் தொடங்குகிற கச்சேரி ஒன்பதளவில் முடியும். கைதட்டல், மறுபடி ஒரு சின்னத் துண்டு என்று இன்னும் இழுக்கும். வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் பஸ்ஸை நினைத்துக்கொண்டு சிம்பொனியின் கடைசிப் பகுதியில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய பாவம். வெள்ளவத்தையில் உறவினர் இல்லாத யாழ்ப்பாணத்தவர் யார்? ஒரு இரவு தங்குங்கள்.

நேரத்துக்குப் போவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பட்டவன். முதல் தடவை கொழும்பில் கேட்கப் போனபோது, நம் ஊர்க் கணக்கில் ஏழு மணி என்றால் ஏழரை என்று நினைத்துப் பத்து நிமிடம் பிந்திப் போனேன். கதவு மூடியிருந்தது. திறக்கச் சொல்லிக் கெஞ்சவும் முடியவில்லை, உள்ளே வாசித்துக்கொண்டிருந்தார்கள். முகப்புத் துண்டு முழுவதையும் ஒரு மூடிய மரக்கதவின் இந்தப் பக்கம் நின்று கேட்டேன். டிக்கெட் கையில் இருந்தது, காசு கொடுத்திருந்தேன், எல்லாம் சரி. கதவுக்கு அதெல்லாம் தெரியாது.

இனி லண்டன். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவை விட்டுவிட்டுப் போகிறீர்கள். அங்கே ஈடுகட்ட ஒரு திருவிழா இருக்கிறது. லண்டன் ஓர்கெஸ்ட்ராக்களின் வழக்கமான பருவம் செப்டெம்பரில் தொடங்கிக் கோடையோடு முடிகிறது. கோடையில் எல்லாரும் வந்து சேருவது பிபிசி புரொம்ஸ் என்ற தொடருக்கு. யூலை நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை, எட்டுக் கிழமை, ஏறக்குறைய ஒவ்வொரு இரவும் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில். 1895 இல் வேறொரு மண்டபத்தில் தொடங்கியது; 1941 இல் அந்த மண்டபம் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்துபோக, இங்கே வந்தது.

நல்லூரில் ஒரு ரூபாய் அர்ச்சனைச் சீட்டைப் பற்றி நாம் பெருமையாகச் சொல்வதுபோல, புரொம்ஸ்காரர்கள் தங்கள் நின்று கேட்கும் டிக்கெட்டைப் பற்றிச் சொல்வார்கள். அண்மைய ஆண்டுகளில் அதன் விலை 8 பவுண். (நகைக்கடைப் பவுண் அல்ல, பயப்பட வேண்டாம்.) அவற்றில் ஒரு பகுதியைக் கச்சேரி நடக்கும் நாள் காலையில்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். எனவே மாதக்கணக்கில் முந்திப் பதியாதவரும் அன்றைக்கு எழும்பி முயற்சி செய்யலாம். நிற்பதற்கு இரண்டு இடங்கள். ஒன்று அரீனா: ஓர்கெஸ்ட்ராவுக்கு நேரே முன்னால், மண்டபத்தின் நடுத்தரை. மற்றது கலரி. நம் பழைய தியேட்டர்களில் கலரி என்றால் திரைக்கு முன்னால் கழுத்தை நிமிர்த்தி இருப்பது. அங்கே கலரி என்றால் உச்சி, கூரைக்குக் கீழே வட்டமாக ஓடும் நடைபாதை. லண்டனில் இரவு வேலை செய்த காலத்தில், வேலைக்குப் போகும் வழியில் நான் இந்த டிக்கெட்டில்தான் கேட்டேன். கலரியில் சுவரோரம் நிலத்தில் துணி விரித்து, கண்ணை மூடிக்கொண்டு படுத்தே கேட்பவர்கள் உண்டு. யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் உங்கள் மகளுக்கு நான் நிற்கும் டிக்கெட்டைச் சிபாரிசு செய்யமாட்டேன். அரீனாவில் அவளுக்கு முன்னால் உயரமான ஒரு ஆங்கிலேயர் வந்து நின்றால் அந்த இரவு அவருடைய முதுகோடு போய்விடும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆசன டிக்கெட் அரைவிலை என்று ஒரு சலுகை இருக்கிறது. தொடரின் கடைசி இரவுக்கு மட்டும் பொருந்தாது. அதைப் பயன்படுத்தி, மேடைக்கு நேரெதிரே இருக்கும் ஆசனங்களில் ஒன்றை எடுங்கள். அந்த மண்டபம் நீள்வட்டமானது, ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். பக்கவாட்டில் இருந்தால் ஓர்கெஸ்ட்ராவின் ஒரு பாதிதான் உங்களுடையது. கட்டிய காலத்தில் எதிரொலிக்குப் பேர்போன மண்டபம். 1969 இல் கூரையின் கீழ் காளான்கள்போல் பெரிய வட்டத் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் அடங்கியது. நிமிர்ந்து பார்த்தால் தெரியும், மகளுக்குக் காட்டுங்கள்.

பதிவு எப்போது? நிகழ்ச்சி நிரல் ஏப்ரலில் வெளிவரும், பொது விற்பனை மே மாதத்தில் தொடங்கும். பெயர்பெற்ற வெளிநாட்டு ஓர்கெஸ்ட்ராக்கள் வரும் இரவுகள் முதல் நாளிலேயே போய்விடும். மற்றவற்றுக்கு யூலையிலும் இடம் இருக்கும். உங்கள் இலங்கை அட்டையால் வாங்க முயன்று, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி அனுமதி தரவில்லை, கடவுச்சொல் குறுஞ்செய்தி வந்து சேரவில்லை என்று இரவில் தலையில் அடித்துக்கொள்வதைவிட, அண்ணாவை வாங்கச் சொல்லுங்கள். எந்த இரவு, எந்தப் பகுதி, எந்த வரிசை என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாசத்தில் அவர் விலை கூடியதை வாங்கிவிடுவார். விலை கூடியதெல்லாம் நல்ல இடம் என்று இல்லை.

வாங்கும்போது மண்டபத்தின் அல்லது புரொம்ஸின் சொந்தத் தளத்தில்தான் இருக்கிறோமா என்று முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள். தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். ஒருமுறை நான் அப்படி அழுத்தி, மறுவிற்பனைக் கடை ஒன்றில் இரட்டிப்பு விலை கொடுத்தேன். அதே நேரம் மண்டபத்தின் தளத்தில் அதே பகுதியில் வெறும் ஆசனங்கள் கிடந்தன. அல்பேர்ட் மண்டபத்தில் இதற்கு ஒரு விசேஷக் காரணமும் உண்டு. 1871 இல் திறப்பதற்கு முன்பு, கட்டடச் செலவுக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசனங்களைத் தனியாருக்கு 999 ஆண்டு உரிமையோடு விற்றுவிட்டார்கள். காணி உறுதிபோல அது பரம்பரையாகக் கைமாறுகிறது. அந்த ஆசனங்களின் டிக்கெட்டுகள் சில வேளைகளில் வெளிச்சந்தையில் எக்கச்சக்கமான விலைக்கு வரும். டிக்கெட் உண்மையானதாகவே இருக்கலாம். விலைதான் பொய்.

பாரிசில் உறவு உள்ளவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஒரு வரி: நம்மவர் கடைத்தெருவான லாசப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்து, ஐந்தாம் இலக்க மெற்றோவில் ஏறினால், நேரே போர்த் து பொந்தனில் இறங்கலாம். 2015 இல் திறந்த பில்ஹார்மோனி அங்கே நிற்கிறது. ஓர்கெஸ்ட்ராவைச் சுற்றி நாலாபக்கமும் சபை இருக்கும்படி கட்டிய மண்டபம். மேடைக்குப் பின்னால் எடுத்தாலும் இசை குறையாத இடங்களில் ஒன்று. அங்கே இருக்கும் நம்மவர் பலர் அதைத் தாண்டியே தினமும் வேலைக்குப் போகிறார்கள்.

உள்ளே போன பிறகு சில சின்னச் சங்கதிகள். விளக்கு மங்கியதும் ஓபோ என்ற குழல் ஒரு சுரம் கொடுக்கும். எல்லாரும் அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குக் கைதட்ட வேண்டாம். சிம்பொனியில் பகுதிகளுக்கு இடையே ஓர்கெஸ்ட்ரா நிற்கும், சபை இருமும், தட்டாது. நம் கச்சேரியில் நல்ல சங்கதி விழுந்தால் ‘சபாஷ்’ என்று சொல்லிப் பழகியவருக்கு இது கொஞ்சம் மூச்சு முட்டும். எனக்கு இன்னும் முட்டுகிறது. எப்போது தட்டுவது என்று சந்தேகம் வந்தால் நடத்துநரின் கையைப் பாருங்கள். அது முழுவதும் கீழே இறங்கி, அவர் திரும்பிய பிறகு தட்டலாம். உடுப்புக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. மகள் பாவாடை சட்டையில் போனாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கைத்தொலைபேசியை நிறுத்துவது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது டொபி. தொண்டைக்கு வேண்டுமென்று கொண்டுபோனால், அதன் தாளை வாசலிலேயே உரித்துக் கைலேஞ்சியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஓர்கெஸ்ட்ரா மிக மெதுவாக வாசிக்கும் இடத்தில் யாராவது ஒருவர், சத்தம் வரக் கூடாதென்று, அந்தத் தாளை மெல்ல மெல்ல, இரண்டு நிமிடம் எடுத்து உரிப்பார். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டாம்.